குறிக்குக் கீழே ஒரு கோடு

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் லிஃப்ட்டக்கா. நாற்பத்திரண்டு வயது. காலையிலேயே லிஃப்ட் வாசலில் சந்தை மாதிரி கூட்டம் கூடிவிடும். முதலில் ஸ்ட்ரெச்சர், அடுத்து சக்கர நாற்காலி, பூங்கொத்தோடு வருகிறவர்கள் கடைசியில். "தம்பி, காலு நல்லாத்தானே இருக்கு? படியில ஏறுங்க" என்று அவள் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

அடுத்த ஆண்டு ஆள் தேவைப்படாத புது லிஃப்ட் வரப்போகிறது. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு மாடிப் பொறுப்பாளர் வேலை என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. முடிக்காதவர்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவள் தேற வேண்டியிருந்தது கணக்குப் பாடம் மட்டும்தான். மாலை வகுப்பில் சேர்ந்தாள்.

சமனிலி நடத்திய வாரம் சிக்கல் தொடங்கியது. அன்றாடக் கணக்குகளைக் குறைவு, அதிகம் என்று குறி போட்டு எழுத வேண்டும். புத்தகத்தில் அவளுக்கென்றே எழுதியது போல ஒரு கேள்வி: லிஃப்ட் அதிகபட்சம் 500 கிலோ தாங்கும், உள்ளே 430 இருக்கிறது, இன்னும் எவ்வளவு ஏற்றலாம்?

யோசிக்கவே இல்லை. x + 430 < 500, ஆகவே x < 70 என்று எழுதினாள். டீச்சர் சிவப்பில் சுழித்து, குறிக்குக் கீழே ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். சரியாக எழுபது கிலோவும் ஏறலாம் என்று அதற்கு அர்த்தம்.

"ஏறாது மிஸ். ஐநூறத் தொட்டாலே மணி அடிக்கும். யாரையாவது இறக்கி விடணும்."

"அது உங்க லிஃப்ட், அக்கா. இது புக்ல இருக்கிற லிஃப்ட்."

"அதான் கூட்டமே இல்லாம நிக்குது."

வகுப்பு சிரித்தது. மதிப்பெண் வரவில்லை. அடுத்த தேர்விலும் கை கோட்டைப் போட மறுத்தது.

வீட்டில் கணவர் தையல் மெஷினை விட்டு எழாமலே விசாரித்தார். "சரி, லிஃப்ட்ட விடு. என் கணக்கப் போடு. சட்டைக்குக் குறைஞ்சது ரெண்டேகால் மீட்டர் வேணும். கையில ஒன்றரை இருக்கு. இன்னும் எவ்வளவு?"

"முக்காலுக்கு மேல."

"சரியா முக்கால் மீட்டரோட ஒருத்தன் வந்தா திருப்பி அனுப்பிருவியா?"

"எதுக்கு? அதுவே போதுமே."

"அப்ப கோட்டப் போடு தாயே. வர்ற கிராக்கிய விரட்டாத."

போட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு கேள்வியிலும் முதலில் ஒன்றைத்தான் பார்த்தாள்: எல்லையைத் தொட்டால் மணி அடிக்குமா, அடிக்காதா?

வகுப்புத் தேர்வுகளிலிருந்து அவளுக்குப் பதினெட்டு மதிப்பெண் சேர்ந்திருந்தது. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து; மீதி இறுதித் தேர்வில் வர வேண்டும். m + 18 ≥ 35, ஆகவே m ≥ 17 என்று அவளே எழுதி, கோட்டை மட்டும் அழுத்தி வைத்திருந்தாள்.

முடிவு வந்த அன்று லிஃப்ட் தரைத்தளத்தில் நிரம்பிக்கொண்டிருந்தது. செல்போனில் பார்த்தாள். கணவரைக் கூப்பிட்டாள்.

"பதினேழு."

மறுமுனையில் மெஷின் சத்தம் நின்றது. "தொட்டியா, தாண்டினியா?"

"தொட்டேன்."

"மணி?"

"அடிக்கல."

அப்போது லிஃப்ட்டில் நிஜ மணி அடித்தது. பூங்கொத்தோடு ஒருவர் கடைசியாக ஏறியிருந்தார். யாராவது ஒருவர் இறங்க வேண்டும், ஒருவரும் அசையவில்லை. ஸ்ட்ரெச்சர் அருகே நின்ற நர்ஸ் லிஃப்ட்டக்காவைப் பார்த்தாள்.

"மூணாவது மாடி பட்டன நீயே அமுக்கிக்கம்மா" என்று சொல்லிவிட்டு லிஃப்ட்டக்காவே இறங்கினாள். மணி நின்றது. கதவு மூடியதும், படியேறத் தொடங்கினாள்.