பொருந்தாத கேபிளும் போலீஸ் மாப்பிள்ளையும்

செருப்பைக் கழற்றியதும் நேரே எங்கள் டி.வி.க்குப் பின்னால் போய்க் குந்திவிட்டார் அத்தான். என் கணவர் நீட்டிய தண்ணீர் டம்ளர் அந்தரத்தில் நின்றது. "ஒரு நிமிஷம், பின்பக்கம் மட்டும் பாத்துட்டு எழுந்துடுறேன்" என்று குரல் மட்டும் வந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்புக் கேபிளை உருவி, அதன் முனையைக் கண்ணில் பட்ட ஓட்டையில் எல்லாம் வைத்துப் பார்த்தார். டி.வி.யில் சேரவில்லை. பிரிண்டரில் சேரவில்லை. என் கணவரின் தாடி மழிக்கும் மெஷினைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. பிறகுதான் எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, "நல்லா இருக்கீங்களா?" என்று விசாரித்தார்.

இவர் என் அக்காவின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் இழைப்பவர். சொந்தக்காரர்கள் மத்தியில் போலீஸ் மாப்பிள்ளை என்று சொன்னால்தான் தெரியும். ஆறு மாதமாக அவர் வருகிறார் என்று தெரிந்தால் ஆளாளுக்குச் சார்ஜர்களை எடுத்து ஒளித்து வைக்கிறார்கள். என் மாமியார் காது மெஷினின் சார்ஜரை மடியில் போட்டு முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தான் அதையும் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

கேபிளின் ஒரு முனை எந்தக் கம்ப்யூட்டரிலும் போகும். மறுமுனையில்தான் வம்பு. சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு ஒரு தகரவாய், அதற்குள் பொடிப்பொடியாகப் பற்கள், ஒரு பக்கத் தோள் மட்டும் சரிந்திருக்கும். போனுக்குச் சேராது, ஹார்ட் டிஸ்குக்கும் சேராது. கம்ப்யூட்டர் கடைக்காரர் தன் டிராயரையே மேஜையில் கவிழ்த்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "இது எந்தக் கூட்டத்துலயும் சேராது சார், கேபிளத் தூக்கிப் போட்டுட்டு மனச லேசா வச்சுக்குங்க" என்றாராம். மனதை லேசாக வைத்துக்கொள்ளும் ஆளா இவர்?

விஷயம் கேபிள் அல்ல, கேமரா. அவர்கள் வீட்டில் ஒரு பழைய வீடியோ கேமரா இருக்கிறது. கீழே விழுந்து அதன் சின்னத் திரை கறுத்துப் போய்விட்டது. உள்ளே மகளின் மூன்று வயதுப் படம் ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது. அவள் முதன்முதலாகக் கண்ணாடி போட்ட நாள். அத்தானே தன் கையால் இழைத்து மாட்டிய கண்ணாடி. மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது. கிளம்புவதற்குள் அந்தப் படத்தை எடுத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கேமராவைப் பிரித்தால் படம் இருக்கலாம், போகவும் போகலாம் என்று ரிப்பேர்க்காரர் சொன்னதும் வாரிச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். பெட்டியில் இருந்த இந்தக் கேபிளை வைத்துப் பார்த்தால் உள்ளே போகிறது, ஆடுகிறது, விழுந்துவிடுகிறது. "இது நம்ம வீட்டுப் பிள்ளை இல்ல" என்று அன்றே முடிவு கட்டிவிட்டார்.

அதன் பிறகு அவர் கண்டுபிடித்த துப்பு இது. என் கல்யாணத்தில் ஆளாளுக்குக் கேமராவோடு வந்து ஒரே கம்ப்யூட்டரில் படம் ஏற்றினார்கள். அந்தக் களேபரத்தில் யாரோ தன்னுடையதை விட்டுவிட்டு இவருடைய கேபிளை எடுத்துப் போய்விட்டார்கள். ஆகவே இந்தக் கேபிள் எந்த வீட்டு மெஷினில் சேருகிறதோ அந்த வீட்டில்தான் அவருடைய கேபிள் இருக்கிறது. கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். முதல் சந்தேகம் என் கணவர் மேல். "அன்னைக்கு கடைசியா கம்ப்யூட்டர்கிட்ட நின்னது நம்ம சகலைதான்" என்று என்னிடமே சொன்னார்.

"ஊரெல்லாம் திருடனத் தேடுறாரு" என்பாள் அக்கா. "வீட்ல ஒரு டிராயர் நேரா மூடுதான்னு பாருங்க முதல்ல."

டிராயர் மூடும். ஏனென்றால் இவர் இழைத்திருப்பார். ஃப்ரேமுக்குப் பொருந்தாத லென்ஸை இழைத்து இழைத்துக் கைக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. எது எதற்குப் பொருந்தாவிட்டாலும் அரத்தை எடுத்துவிடுவார். சோப்பு டப்பா மூடி, குளியலறைத் தாழ்ப்பாள், ரிமோட்டின் பின்மூடி எல்லாம் அவர் கைபட்டவை. "பொருந்தலன்னா அப்படியே விடக் கூடாது. லேசா ஒரு இழுப்பு இழுத்தா உக்காந்துடும்" என்பார். பாதி சொந்தக்காரர்களின் மூக்கில் உட்கார்ந்திருப்பதும் அவர் இழைத்ததுதான் என்பதால் யாரும் வாய் திறப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மகளை வழியனுப்ப அங்கே போயிருந்தோம். கூடத்தில் திறந்த பெட்டி, நாற்காலிகள் மேலெல்லாம் துணி. அத்தான் ஒரு மூலையில் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "விடுங்கப்பா, பரவாயில்ல" என்றாள் மகள், துணி மடித்தபடியே. அவள் கோபித்துக்கொண்டிருந்தாலாவது தேவலை. அந்தப் பரவாயில்லையைக் கேட்டு மனிதர் சுருங்கிப் போனார். எனக்கே பாவமாக இருந்தது.

துவைக்கப் போட அவர் சட்டையை எடுத்த அக்கா, பையிலிருந்து கேபிளை உருவினாள். முனையைக் கட்டைவிரலால் தடவியவள் நின்றாள்.

"என்னங்க, மத்த ஓரமெல்லாம் கூரா இருக்கு. இந்த ஒரு தோள் மட்டும் ஏன் இவ்ளோ வழவழன்னு இருக்கு?"

அத்தான் வாங்கி ஜன்னலருகே போனார். கடைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். ஆறு மாதமாக ஊரார் வீட்டு ஓட்டைகளைத்தான் அவர் துருவிப் பார்த்தார், கையில் இருந்த முனையைப் பார்க்கவில்லை. முனையை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"மூலைய உருட்டி விட்டிருக்கு" என்றார் கடைசியில். "மூக்கக் குத்தக் கூடாதுன்னு நாங்க லென்ஸுக்குச் செய்யறது."

"நாங்கன்னா யாரு?" என்றாள் அக்கா.

"நான்தான்."

பிறகு மறந்து போனதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு நினைவு வந்தது. என் கல்யாணத்தன்று என் கணவரிடம் அப்போதிருந்த கேமராவுக்குக் கேபிள் இல்லை. கல்யாண மாப்பிள்ளை கேட்டு இல்லை என்று சொல்வதா என்று, இவர் தன் கேபிளின் தோளை லேசாக ஒரு இழுப்பு இழுத்து அதில் உட்கார வைத்திருக்கிறார். அன்றோடு அது சொந்த வீட்டில் நிற்க மறுத்துவிட்டது. என் கணவர் அவர் தோளில் கை வைத்தார். நான் சிரிப்பை அடக்கத் துணி மடிக்கப் போனேன்.

கேமராவைக் கம்ப்யூட்டர் மேஜையின் ஓரத்தில் வைத்தார்கள். கேபிளை நுழைத்து, முனையை இடப்பக்கம் சாய்த்து, கீழிருந்து அழுத்திப் பிடித்தால் பிடிக்கிறது. விரல் அசைந்தால் விட்டுவிடுகிறது. அந்தக் கோணம் அத்தான் விரலுக்கு மட்டும்தான் வந்தது. அதற்கு அவர் தரையில் உட்கார்ந்து, மேஜைக்கு முதுகைக் காட்டி, கையைப் பின்னால் வளைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. "நான் பிடிக்கிறேன்பா" என்றாள் மகள். "வேணாம். கைய எடுத்தா போயிடும். நீ பாரு."

படம் ஓடியது. ஆட்டம் காணும் படம், அக்கா எடுத்தது. பெரிய கண்ணாடிக்குள் ஒரு சின்ன முகம் திருதிருவென்று விழித்தது. எதிரே கறுத்த மீசையோடு அத்தான். குழந்தை அவர் முகத்தருகே போய் விரலை நீட்டி, "அப்பா, உன் மீசைல தனித்தனியா முடி இருக்கு" என்றது.

தரையில் இருந்த மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் அசையவில்லை. நரைத்த மீசை மட்டும் துடித்தது. "நல்லா தெரியுதா?" என்று கேட்டார். மகள் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் தலையை ஆட்டினாள். அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

அக்கா எழுந்தாள். தலைவாரும் இடத்தில் மாட்டியிருந்த கண்ணாடியை ஆணியிலிருந்து கழற்றி எடுத்து வந்தாள். அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து அதை மடியில் நிறுத்தி, மேஜையின் மேல் ஓடும் படம் அவர் கண்ணுக்கு வந்து சேரும் வரை மெல்ல மெல்லச் சாய்த்தாள்.