தாழ்ப்பாள் போட்ட குளியலறை

ஜூலை 9, புதன்கிழமை. மயிலாப்பூர் வீட்டில் வழக்கம்போல் ஆறு மணிக்கு வலிப்பு மாத்திரை, ஆறேகாலுக்குக் குளியல். தாழ்ப்பாள் போடாதீர்கள் என்று மனைவி பலமுறை கெஞ்சியிருக்கிறாள். ஐம்பது வயதில் எனக்கு அது வெட்கமாக இருந்தது; போட்டுக்கொண்டேன்.

சோப்புப் போடும்போது, வலிப்புக்கு முன் எனக்கு வரும் ரப்பர் கருகும் வாசனை வந்தது. தாழ்ப்பாளைத் திறக்க நினைத்தேன், கை எழவில்லை.

"என்னங்க, ஏன் சத்தமே இல்ல?" என்று அவள் கதவைத் தட்டினாள். எனக்குக் கேட்டது, பேச்சு வரவில்லை.

கண் விழித்தபோது தாழ்ப்பாள் பிய்ந்து தொங்கியது. கதவை இடித்துத் திறந்த எதிர்வீட்டு பாய் என்மேல் துண்டைப் போர்த்தினார். "உள்ள இன்னா சார் புதையலா கீது, தாழ்ப்பா போட்டுக்கினு குளிக்க?"

அழுதுகொண்டிருந்த மனைவி சிரித்துவிட்டாள். "இனிமே பாடிட்டே குளிங்க. பாட்டு நின்னா உள்ள வந்துடுவேன்."

வலிப்பைவிட, அவள் குரலுக்குப் பதில் சொல்ல முடியாத அந்தக் கணம்தான் இன்றும் பயமுறுத்துகிறது. மறுநாள் காலை கதவை வெறுமனே சாத்திவிட்டு, தண்ணீர் மொள்ளும் முன் பாட ஆரம்பித்தேன்.