தகரத்தில் இருந்த முகம்

வேலணைக் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் தம்பிராசாவை அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. சீனி நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்க்கிற அதே கண்ணால்தான் மனிதரையும் பார்ப்பார். கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அடுத்த கிழமை நல்ல பருப்புக் கிடைக்காது. நாள் தவறாமல் முகம் வழித்துப் பவுடர் பூசித் திரிந்த அந்த மனுஷன், தம்பி குழந்தைவேலு இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்ட எண்பத்துநாலாம் ஆண்டோடு சவரக்கத்தியைத் தொடவில்லை. தம்பி வந்தால் நயினாதீவு அம்மனிடம் போய்த் தாடியை இறக்குவதாக நேர்த்தி. வழிக்கிற வேலை இல்லாத வீட்டில் கண்ணாடி எதற்கென்று அதையும் கழற்றி அலுமாரிக்குள் போட்டுவிட்டார்.

குழந்தைவேலுவின் மனைவி அம்பிகை பக்கத்து வளவில் இருந்தாள். பொட்டும் தாலியும் அப்படியே இருந்தன. உயிரோடு இருக்கிறவருக்காக அழுதால் ஆகாதென்று அவள் ஒருநாளும் குரல் விட்டு அழுததில்லை. தம்பிராசாவுக்குச் சாப்பாடும் அவள் குசினியிலிருந்துதான் போகும். ஆனால் புருஷனின் தமையன் என்றால் அவளுக்கு ஒரு அடக்கம். வாழ வந்த நாளிலிருந்து அத்தானின் முகத்தை நேரே பார்த்துக் கதைத்ததில்லை. சோற்றுக் கோப்பையை நீட்டும்போது அவள் கண் கோப்பையில்தான் இருக்கும்.

எண்பத்தேழில் இந்தியாவோடு ஒப்பந்தம் வந்தது. தெற்குச் சிறைகளில் இருந்தவர்களைக் கூட்டம் கூட்டமாக விட்டார்கள். ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாட்களில் தம்பிராசா கடையைப் பூட்டிவிட்டு யாழ்ப்பாணம் போய் பஸ் நிலையத்தில் குந்தியிருப்பார். வந்தவர்கள் எல்லாரும் பிறத்தியார் வீட்டுப் பிள்ளைகள். கடைசி பஸ்ஸில் தனியே திரும்பி வருவார்.

அந்த ஆவணியில்தான் யாழ்ப்பாணப் பட்டணத்து மதில்களில் படம் கீறித் திரிந்த பெடியள் ஊர்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் கண்காட்சி வைத்தார்கள். மதிலில் கீறினால் விடிவதற்குள் யாரோ வெள்ளை அடித்துவிடுகிறார்கள் என்று, அதே படங்களைக் கூரைத் தகரங்களில் கீறிக் கொண்டுவந்திருந்தார்கள். சிறை மறியலில் இருக்கிறவர்களின் முகங்களும் அங்கே இருப்பதாகக் கதை அடிபட்டது. போவோம் என்று அம்பிகை ஒற்றைக்காலில் நின்றாள்.

"தகரத்தைப் பாத்து என்னத்தைக் காணப்போறம்?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவரும் போனார்.

மண்டபத்துக்குள் நுழைந்தவுடன் அவருக்குப் பிடரி கூசியது. சுவர்களில் முழுக்க முகங்கள். பெயரில்லை, ஊரில்லை. எல்லாம் ஆள் உயரத்தில், வருகிறவர்களை நேருக்கு நேர் பார்க்கிற மாதிரி. கடல்காற்று ஜன்னலால் வரும்போதெல்லாம் தகரங்கள் உப்பி வற்றின. முகங்கள் மூச்சு விடுவதைப்போல இருந்தது. சனங்கள் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு மெல்லப் பேசினார்கள். யாரோ ஒரு படத்தின் கீழ் ஊதுபத்திகூடக் கொளுத்திவிட்டிருந்தார்கள்.

கடைசிச் சுவரில் அம்பிகை நின்றுவிட்டாள்.

நெஞ்சைத் தொடும் தாடி, உள்ளே போன கன்னம், எதையோ எதிர்பார்த்து அலுத்த கண். குழந்தைவேலு இளந்தாரி வயதிலேயே தாடி விட்டவன். நரைதான் புதிது. அம்பிகை கையை நீட்டித் தகரத்தில் அந்தத் தாடியைத் தடவினாள்.

பக்கத்தில் நின்ற சில்வெஸ்ரர் என்ற மண்டைதீவுப் பெடியன்தான் அதைக் கீறியவன். "ஆரைக் கீறினனீர், தம்பி?" என்று அம்பிகை கேட்டாள்.

"பேர் தெரியாதக்கா. பட்டணத்து பஸ் ஸ்ராண்டிலை, சிறையாலை ஆக்கள் வாற நாளிலை வந்து சீமெந்துத் திண்ணையிலை இருப்பார். ஒருத்தரோடையும் கதைக்கமாட்டார். நான் எதிர் மதிலிலை நிண்டு பாத்துக் கீறினனான்."

"எப்ப கண்டனீர்?"

"போன கிழமையும் கண்டனான்."

அம்பிகையின் முகம் மலர்ந்ததைத் தம்பிராசா கண்டார். "இருக்கிறார்" என்றாள் அவள். "இருந்தும் ஏன் வீட்டை வரேல்லை? அங்கை அடிச்ச அடியிலை எங்களை மறந்துபோனாரோ?"

போன கிழமை தம்பிராசாவும் அந்தத் திண்ணையில்தான் இருந்தார். காலையிலிருந்து கடைசி பஸ் வரை. பக்கத்தில் இருந்த தம்பி தன் கண்ணில் படவில்லையா? அல்லது கண்ணில் படுகிற நிலையில் அவன் இல்லையா? அந்த நினைப்பில் அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். அங்கேயும் முகங்கள்தான்.

அப்போதுதான் சில்வெஸ்ரர் அவரைக் கண்டான்.

"ஐயா, நீங்களே வந்திட்டியள்" என்றான் சந்தோஷமாக. "அக்கா, இவர்தான். இவரைத்தான் கீறினனான்."

அம்பிகை தலை நிமிர்ந்து அத்தானை நேரே பார்த்தாள். பிறகு தகரத்தைப் பார்த்தாள். மறுபடியும் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் தம்பிராசாவுக்குத் தன் முகம் களவெடுத்த சாமான்போலக் கனத்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் சில்வெஸ்ரரிடம் திரும்பிக் கேட்டாள்: "இதை எனக்குத் தருவீரோ? அவரின்ரை படம் எங்களிட்டை இல்லை. இருந்த ஒண்டையும் தேடித் தாறம் எண்டு ஆமி முகாமிலை வாங்கினவை, திருப்பித் தரேல்லை."

அவன் விழித்தான். தம்பிராசா தலையை ஆட்ட, தகரத்தைக் கழற்றிக் கொடுத்தான்.

வீட்டில் அம்பிகை அதைச் சாமியறைச் சுவரில் சாய்த்து வைத்தாள். முற்றத்து நந்தியாவட்டையைப் பறித்து மாலை கட்டினாள். வாசலில் நின்ற தம்பிராசாவுக்கு அது விளங்கியபோது கோபம்தான் முதலில் வந்தது.

"என்ன பிள்ளை செய்யிறாய்? மாலை போட்டால் செத்தவன் எண்டாகும்."

"நீங்கள் இவ்வளவு நாளும் போய் இருந்தனீங்கள், அத்தான். வாற ஆளெண்டால் வந்திருப்பார்." அவள் கண் இப்போது கீழே போகவில்லை. "பாத்து அழ எனக்கொரு முகம் வேணும். ஆனால் இது உங்கடை முகம். உயிரோடை இருக்கிற ஆளின்ரை படத்துக்கு நான் மாலை போட ஏலாது. வேண்டாமெண்டு சொன்னால் விடுறன்."

சங்கக்கடையில் யாருக்கும் ஒரு அவுன்ஸ் கூடுதலாகக் கொடுத்தறியாத அந்த மனுஷன் படியேறி உள்ளே போனார். விளக்கு வெளிச்சத்தில் தகரம் லேசாக உப்பி வற்றியது. அவர் மாலையை வாங்கித் தன் முகத்துக்குத் தானே போட்டார். அம்பிகை குரலெடுத்து அழத் தொடங்கினாள்.