முதலாளிக்கு வைத்த நேர்த்தி

ஜெர்மனியின் கெவெலார் ஸ்டேஷனில் இறங்குகிறேன். மாதா திருவிழாவுக்கு வந்த சனம் மேடை நிறைய நிற்கிறது. வாங்குப் பலகையில் ஓர் அண்ணை, தன் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரியைத் துவாயில் சுற்றி அணைத்தபடி இருக்கிறார்.

"பெரிய நேர்த்தி போல. பிள்ளையளுக்கோ, அண்ணை?"

"இல்லைத் தங்கச்சி, என்ரை முதலாளிக்கு. அமெரிக்கன்."

பக்கத்து ஊரில் பம்பு செய்கிற தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்கிறாராம்.

"தேப்பன்ரை கராஜிலை பம்பு திருத்தித் துவங்கின மனிசன். மூடக் கிடந்த எங்கடை இடத்தை வாங்கி நடத்தினவர். ஒருக்கா வந்து எனக்குக் கையும் தந்தவர். பிறகு அங்கை எலெக்‌ஷன் கேட்டார். எனக்கு அங்கை வோட்டில்லை, மாதாட்டைத்தானே போட ஏலும்? அவர் வெல்ல வேணுமெண்டு நேர்ந்தன்."

"வென்றவரோ?"

"ஓம், நல்லா வென்றவர். பதவியிலை இருந்துகொண்டு வியாபாரம் செய்தால் பேச்சு வருமெண்டு எங்கடை இடத்தை வித்துப்போட்டார். வாங்கினவங்கள் மிசினைக் கழட்டிக்கொண்டு போறாங்கள். அம்பத்தெட்டு வயதிலை எனக்கு இனி ஆர் வேலை தருவினம்?"

"பிறகேன் அண்ணை இந்தத் திரி?"

"மாதா கேட்டதைத் தந்திட்டா. செய்யாமல் விட ஏலாதெல்லோ."

அவரால் தனியே தூக்க முடியவில்லை. அடிப்பக்கத்தை நான் பிடிக்கிறேன். என் கைப்பையில், மகளுக்குக் கனடாச் சம்பந்தம் பொருந்த வேண்டுமென்று எழுதிய மன்றாட்டு இருக்கிறது. கோயிலை நோக்கி நடக்கிறோம். மாதாவே, கேட்கவும் பயமாயிருக்கிறது. கேட்காமல் திரும்பவும் பயமாயிருக்கிறது.