கேட்கக் கஷ்டம் யாருக்கு?

சில ஆண்டுகளுக்கு முன்பு, மாரி மழை ஓய்ந்து சம்மாந்துறைப் பக்கத்து வயல்களெல்லாம் பச்சை பிடித்திருந்த ஒரு தை மாதத்தில், கல்முனையில் எங்கள் வீட்டுக்கு அண்மையிலுள்ள மண்டபமொன்றில் இது நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த வைத்தியர்கள் சிலர் அங்கே ஒரேயொரு நாள் இலவச மருத்துவ முகாம் நடத்தினார்கள். அவர்களுள் ஒருவர் காது, மூக்கு, தொண்டை வைத்தியரான பெண்மணி என்று கேள்விப்பட்டதும், என் மனைவியை அழைத்துக்கொண்டு காலையிலேயே போய் வரிசையில் அமர்ந்துவிட்டேன்.

என் மனைவிக்குக் காது மந்தமாகியிருந்தது. பக்கத்தில் நின்று உரத்துச் சொன்னால் விளங்கும். தொலைபேசியில் ஒரு சொல்லும் விளங்காது. அதனால் அதை எடுப்பதையே விட்டுவிட்டாள். சம்மாந்துறையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் எங்கள் இளைய மகளோ, உம்மா தன்மீது ஏதோ மனத்தாங்கலில் இருப்பதாக எண்ணி அழுதிருக்கிறாள். நான் எத்தனை முறை விளக்கியும் அவள் முழுதாக நம்பவில்லை. அந்த வைத்தியர் அன்று மாலையே அடுத்த ஊருக்குப் புறப்படுகிறார், மறுபடி எப்போது வருவார் என்று தெரியாது என்றார்கள். ஆகவே அன்றைய நாளைத் தவறவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

என் ஆங்கிலத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். நான் தையற்காரன். பாடசாலையில் அதிகம் படித்தவனல்லன். துணி வெட்டுவதற்கு முன் அளவு வரைந்து வெட்டிக்கொள்வதற்காக வாங்கும் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளே எனக்கு ஆசான்கள். வேலை ஓய்ந்த வேளைகளில் அவற்றை எழுத்துக் கூட்டி வாசித்து, அகராதியில் பொருள் தேடிப் பழகினேன். ஒரேயொரு குறை. சட்டைக் கைக்காக வளைத்து வெட்டிய இடத்தில் வாக்கியமும் அறுந்துபோய்விடும். சொற்கள் எனக்கு நிறையக் கிடைத்தன, ஆனால் பல வாக்கியங்களின் முடிவை நான் கண்டதேயில்லை.

எங்கள் முறை வந்தபோது, மொழிபெயர்ப்பதற்காக நின்ற பல்கலைக்கழக மாணவி நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் போயிருந்தாள். அவள் வரும்வரை பொறுக்கலாமா என்று வைத்தியர் சைகையால் கேட்டார். தேவையில்லை, நானே பேசுவேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என் மனைவி என் முகத்தைப் பார்த்தே விடயத்தை விளங்கிக்கொண்டாள்.

“டொக்டருக்குத் தமிழ் தெரியா. ஒங்களுக்கு இங்கிலீசு தெரியா. எனக்குக் காது கேளா. மூணு பேரும் சேர்ந்து நல்லாக் கதைப்பம்” என்றாள்.

நான் அதைப் பொருட்படுத்தவில்லை. சொல்ல வேண்டியதை வரிசையில் இருந்தபோதே மனதுக்குள் தைத்து முடித்திருந்தேன். ‘அவவுக்குக் கேட்கக் கஷ்டம்’ என்பதே விடயம். கஷ்டம் என்பதற்கு ‘ஹார்ட்’, கேட்க என்பதற்கு ‘டு ஹியர்’. ஒவ்வொரு துண்டும் பொருந்தியது.

“ஷி இஸ் ஹார்ட் டு ஹியர், டொக்டர்” என்றேன்.

வைத்தியர் இரக்கத்துடன் தலையசைத்தார். எவ்வளவு காலமாக என்று கேட்டார். போன நோன்பிலிருந்து என்றேன். அவர் ஒரு சிறு டோர்ச்சையும் தட்டையான குச்சியொன்றையும் எடுத்து, வாயைத் திறக்குமாறு காட்டினார். என் மனைவி என்னைப் பார்த்தாள். பெரிய வைத்தியராயிற்றே, காதுக்கு வாய் வழியாகவும் ஒரு பாதை இருக்கக்கூடும் என்று எண்ணி, திற என்று நானும் கை காட்டினேன். வைத்தியர் தொண்டைக்குள் நெடுநேரம் பார்த்தார். கழுத்தை இருபுறமும் தடவிப் பார்த்தார். பிறகு கொப்பளிக்க ஒரு மருந்து எழுதி, சில நாட்களுக்கு இவர் அதிகம் பேசாமல் இருப்பது நல்லது என்று என்னிடம் சொன்னார். அடுத்தவரை அழைக்கவும் கையை உயர்த்திவிட்டார்.

இதை மனைவிக்குச் சொல்லாமல் எழும்ப முடியாதல்லவா? வழக்கம்போல் அவளுடைய காதருகே குனிந்து, கையைக் குவித்து, “அதிகம் கதைக்க வேணாமாம்” என்று கத்தினேன்.

“என்னகா இது? காது கேளாட்டி வாய மூடச் செல்றாவா? இது டொக்டர்ர மருந்து இல்ல, ஒங்கட மருந்து!”

காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. மண்டபம் முழுவதும் கேட்டது. வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்காதவர் வைத்தியர் மட்டுமே. அவர் உயர்த்திய கையை இறக்கி, என் மனைவியின் வாயையும் அவளுடைய காதருகே இன்னும் குவிந்திருந்த என் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

இவருடைய குரல் எனக்கு நன்றாகக் கேட்கிறதே என்றார்.

அவர் என் பேச்சை நம்பவில்லை என்று நினைத்து, “நோ டொக்டர், ஷி இஸ் வெரி ஹார்ட் டு ஹியர்” என்று அழுத்திச் சொன்னேன்.

அவர் என் கண்களை நேராகப் பார்த்து, மிக எளிய ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். கேட்பவர் யார், கேட்கப்படுபவர் யார்? நான் மனைவியின் காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். பிறகுதான் அவருக்கும் சிரிப்பு வந்தது. நான் சொன்ன வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் ‘இவர் பேசுவது மற்றவர்களுக்குக் கேட்பது கஷ்டம்’ என்றே பொருளாம். அதாவது, குரல் எழும்பாதவர். காது மந்தமானவரை ‘ஹார்ட் ஒஃப் ஹியரிங்’ என்பார்களாம். ஒரு சிறு சொல்லும் ‘இங்’ என்ற ஒரு வாலும் மாறியதில் நோய் காதிலிருந்து தொண்டைக்கு இடம் மாறியிருக்கிறது.

அதன் பிறகு நடந்தவை விரைவாக நடந்தன. வலது காதில் அழுக்கு இறுகி அடைத்திருந்தது. இளவெந்நீர் பாய்ச்சி அதை எடுத்தார்கள். இடது காதின் நரம்பு தளர்ந்திருப்பதால் அதற்குக் கருவி வைக்க வேண்டும் என்றார். காதைத் துடைத்துவிட்டதும் என் மனைவி நிமிர்ந்து கூரையைப் பார்த்து, “இந்த ஃபேன் இவ்வளவு நேரமும் இப்படியா சத்தம் போட்டுக்கிட்டிருந்திச்சி?” என்றாள். மெல்லிய குரலில் கேட்டாள்.

இதற்குள் மாணவி திரும்பி வந்திருந்தாள். மந்தம் எப்போது தொடங்கியது என்று வைத்தியர் மறுபடி, இம்முறை நேரே என் மனைவியிடம் கேட்கச் சொன்னார்.

“இளைய மகள்ட கலியாணத்திலருந்து” என்றாள் மனைவி.

நான் திடுக்கிட்டேன். அந்த மகளின் பிள்ளையே அப்போது பாடசாலை போய்க்கொண்டிருந்தது. “போன நோன்பிலருந்துதானே?” என்றேன்.

“போன நோன்புலதான் நீங்க கண்டீங்க. நான் எப்பவோ செல்லிட்டன். இவருக்குத்தான் கேக்கல்ல, மகள்” என்று மாணவியின் பக்கம் திரும்பினாள்.

மாணவி அதை ஒரு சொல் குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். வைத்தியர் மருந்துச் சீட்டை மாற்றி எழுதினார்.

அன்றிலிருந்து அந்த வாக்கியம் என்னை விடவில்லை. வெட்டு மேசையில் நிற்கும்போதெல்லாம் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ‘ஹார்ட்’ இருந்த இடத்தில் ‘ஈகர்’ என்று வைத்தால், அவள் கேட்க ஆவலாக இருக்கிறாள் என்று வருகிறது. அங்கே கேட்பவள் அவளே. மற்றச் சொற்கள் அசையவில்லை, ஒரு பண்புச்சொல் மாறியதும் கேட்பவர் மாறிவிட்டார். நம் தமிழில் இந்தத் தொல்லை இல்லை. கேட்க ஆசை என்றாலும் கேட்கக் கஷ்டம் என்றாலும் ‘அவவுக்கு’ என்றே தொடங்குகிறோம். அந்தச் சின்னஞ்சிறு ‘கு’ உருபு யாருக்கு என்பதை வாசலிலேயே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்துக்குப் போனபோது நான் அந்தக் ‘கு’வை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாளன்று என் சகோதரியின் மகனிடம் என் புதிய ஆராய்ச்சியைக் காட்ட நினைத்தேன். அவர் பாடசாலையில் ஆங்கிலம் கற்பிப்பவர். குர்பானாகப் பலி கொடுத்த ஆட்டின் இறைச்சிக் கறி அடுப்பிலிருந்து இறக்கியாயிற்று, சாப்பிடலாம் என்ற பொருளில், “த கோட் இஸ் ரெடி டு ஈட்” என்றேன்.

“மாமா, ஆடு தின்ன ரெடியா, நாம தின்ன ரெடியா?”

“ரெண்டுக்கும் வருமா?”

“ஓம் மாமா. இந்த ‘ரெடி’க்கு ரெண்டு பக்கமும் வரும். சட்டிய எட்டிப் பார்த்தாத்தான் விளங்கும்.”

அடுக்களையிலிருந்து என் மனைவி, “ஆட்டுக்கிட்டக் கேக்க ஏலாது, அது சட்டிக்குள்ள. வந்து தின்னுங்க” என்றாள். சுவருக்கு அப்பாலிருந்து நாங்கள் கதைத்தது அவளுக்குக் கேட்டிருக்கிறது. அந்நேரம் தொலைபேசி ஒலித்தது. நான் எழும்புமுன் அவளே எடுத்து, “சலாம் மகள்... ஓம், கேக்குது, கேக்குது, செல்லு” என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டபடி நின்றபோதுதான் ஒன்று எனக்குத் தெளிவாகியது. இலக்கணப்படி என் வாக்கியம் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. ஆனால் அது சொன்னதும் பொய்யல்ல. இத்தனை ஆண்டுகளாக எங்கள் வீட்டில் கேட்கக் கஷ்டமாக இருந்தது அவளுடைய சொல், கேட்காமல் இருந்த காது என்னுடையது. இன்றைக்கும் அவள் எதையாவது சொல்லத் தொடங்கினால், தையல் இயந்திரத்திலிருந்து காலை எடுத்துவிட்டே கேட்கிறேன்.