கை நீட்டாத டீச்சர்

"...வஞ்சிரமானாலும் சரி, வைரமானாலும் சரி, யார் எதைக் கொடுத்தாலும் நான் கை நீட்டுறதில்லைன்னு உங்க வீட்ல போய்ச் சொல்லு. சொல்லுவியா?" என்றார் டீச்சர்.

சொல்லுவேன் என்று தலையாட்டினேன். என் கையில் வாழை இலையில் கட்டிய மீன் துண்டுகள். இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் என் பாவாடையை நனைத்துக்கொண்டிருந்தது. காசிமேட்டுக் கரையில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிற என் அத்தை, அன்றைக்கு வந்ததில் நல்ல மீனாகப் பார்த்து அறுத்துக் கொடுத்தனுப்பியது. "டீச்சராண்ட குடு. படிக்கலன்னா நாலு வைக்கச் சொன்னேன்னும் சொல்லு" என்று சேர்த்து அனுப்பியிருந்தார். நான் இரண்டையும் ஒழுங்காகச் செய்தேன். மீன் திரும்பி வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பதிலைச் சொன்னபோதுதான் வினை வந்தது. ஆறு வயதுப் பிள்ளையின் வாயில் அவ்வளவு நீளமான வாக்கியம் நிற்குமா? வஞ்சிரமும் வைரமும் வழியிலேயே விழுந்துவிட்டன. "டீச்சர் கை நீட்ட மாட்டாங்களாம்" என்று மட்டும் சொன்னேன்.

அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. "கை நீட்ட மாட்டாங்களா? அப்போ இது எப்படிப் படிக்கும்? அடிக்காத வாத்தியாரம்மா இன்னா வாத்தியாரம்மா?"

"அண்ணி, அடிக்கிறத சொல்லல. வாங்க மாட்டாங்களாம். மீன் திரும்பி வந்துகீதே, பாக்கல?" என்றாள் அம்மா.

"மீன் வேணாம்னா வேணாம்னு சொல்றது. கை நீட்ட மாட்டேன்னா இன்னாமே அர்த்தம்?"

எங்கள் பக்கத்துப் பேச்சில் கை நீட்டுவதற்கு அர்த்தம் ஒன்றா இரண்டா? அடிப்பதும் கை நீட்டுவதுதான், பிச்சை வாங்குவதும் கை நீட்டுவதுதான். பிள்ளைகள் எங்களுக்கு மூன்றாவதாக ஒன்றும் தெரியும். எங்கள் ஹெட்மாஸ்டர் பிரம்போடு வந்து நின்று "கை நீட்டு" என்பார். உள்ளங்கையை மேலே காட்டி நீட்ட வேண்டும். பின்னால் இழுத்தால் இன்னொன்று கூட விழும். இத்தனை கை நீட்டல்களுக்கு நடுவில் ஒருத்தர் நீட்டமாட்டேன் என்றால் எதை எடுத்துக்கொள்வது? அன்றைக்கு இரவுச் சோறு முடியும்வரை அம்மாவும் அத்தையும் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்த மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டேதான் பேசினார்கள்.

இராயபுரத்தில் துறைமுகத்துச் சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு. டிராம் ஓடிக்கொண்டிருந்த காலம். கொடியில் துணி போட்டால் சாயங்காலத்துக்குள் நிலக்கரித் தூள் படிந்துவிடும். அம்மா துணியை உதறிவிட்டுத்தான் மடிப்பாள். நைனா துறைமுகத்தில் சரக்கு தூக்குகிற வின்ச் ஓட்டினார். எங்கள் பள்ளிக்கூடம் தெருமுனையில். கப்பல் ஊதினால் வாய்ப்பாடு நின்றுபோகும், ஊதி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

எனக்கு எழுத வருகிற கை இடது கை. பீச்சாங்கை என்பார்கள் எங்கள் பக்கம். டீச்சருக்கு முன்னால் இருந்தவர் என் தலை ரிப்பனை அவிழ்த்து அந்தக் கையை பெஞ்சுக்காலோடு கட்டிப்போடுவார். வலது கையால் நான் போட்ட 'அ' நசுங்கிய நண்டு மாதிரி இருக்கும். புது டீச்சர் வந்த முதல் வாரத்திலேயே அந்த ரிப்பனைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவிழ்த்தார், சுருட்டினார், மறுபடியும் என் சடையில் கட்டிவிட்டார். "எந்தக் கை எழுதணும்னு அந்தக் கையே முடிவு பண்ணட்டும்" என்றார். அந்த மாதமே என் பெயரை முழுசாக எழுதினேன். அம்மா அந்தப் பலகையை அழிக்கவிடாமல் தெரு முழுக்க எடுத்துப்போய்க் காட்டினாள். மறுநாள் நான் பலகை இல்லாமல் வெறுங்கையோடு பள்ளிக்கூடம் போனேன்.

டீச்சருக்கு எதையாவது கொடுக்க எங்கள் வீட்டுக்கு இது ஒரு காரணம் என்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று இருந்தது. வளையல்கார பாயின் மகனுக்கு வாய் திக்கும். அவன் சொல்லி முடிக்கிறவரை டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாதவர் மாதிரி நிற்பார். கரிக்கிடங்கு வாசலில் சிந்துகிற கரியைப் பொறுக்கி விற்கிற அம்மா ஒருவர் இருந்தார். அவர் மகள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் அவளைக் கொண்டுவந்து முதல் பெஞ்சில் வைத்தார்.

ஆகவே தெருவே டீச்சருக்கு ஏதாவது செய்யத் துடித்தது. கப்பல்காரன் ஒருவன் நைனாவுக்குக் கொடுத்த பிஸ்கோத்து டப்பா போனது, திரும்பி வந்தது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பாய் வீட்டிலிருந்து பெருநாள் சேமியா போனது, தூக்குச்சட்டி மூடி திறக்காமலே வந்தது. கடைசியில் அம்மாவே நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

"இன்னா சொல்றாங்க?" என்றார் அத்தை.

"முன்ன இருந்தவரு வாங்கினு இருந்தாராம். குடுத்த புள்ளைங்க மொத பெஞ்சாம், குடுக்காத புள்ளைங்க கடேசியாம். ஒருத்தர்கிட்ட வாங்கினா, குடுக்க முடியாத வூட்டுப் புள்ள என் மூஞ்சிய எப்படிப் பாக்கும்னு கேக்குறாங்க."

அத்தை வேறு எதையோ பேசுகிறவர் மாதிரி ஆரம்பித்தார். "அவங்க இருக்கிற சந்துக்கு நான் மீன் எடுத்துக்கினு போறேன் இல்ல. ஏழு மாசம் ஆவுது. ஒத்தக் கையில வாட்சு, இன்னொரு கையில தேஞ்சுபோன ஒரு வளையல். ஊர்ல இருந்து ஒரு ஈ காக்கா வர்ல. வேற சாதிக்காரர கட்டிக்கினாங்களாம், ஆர்பர் ஆபீசுல கிளார்க்கு. அவங்க ஆத்தா அப்பன் தல முழுவிட்டாங்களாம். பக்கத்து ரூம்புக்காரி சொன்னா."

ஏழு மாதம் எதற்கு என்று நான் கேட்டேன். போய் விளையாடு என்றார்கள். டீச்சர் சமீபத்தில் பருமனாகிக்கொண்டு வந்ததும், அடிக்கடி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றதும் எனக்குத் தெரியும். நிறையச் சாப்பிடுகிறார் போலிருக்கிறது, பிறகு ஏன் நம் வீட்டு மீனை வேண்டாம் என்கிறார் என்பதுதான் எனக்கு இருந்த மனக்குறை. இன்னொரு பயமும் இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து டீச்சர் லீவில் போகிறார் என்று சொன்னார்கள். லீவில் போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று பெரிய வகுப்புப் பிள்ளைகள் சத்தியம் செய்தார்கள். திரும்பவும் ரிப்பன்தான் என்று நினைத்தேன்.

அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள், சாம்பல் கையோடு எழுந்து வந்தாள். "அண்ணி, கையில வாங்க மாட்டாங்க. சரி. கையில போட்டா?"

அத்தை நிமிர்ந்து பார்த்தார். "இன்னாமே சொல்ற?"

"வளையல். அது குடுக்கிறது வாங்குறதுல வருமா? எல்லா வூட்டுல இருந்தும் போவோம். ஒரு வூடு வுடாம."

"கரி பொறுக்குறவ இன்னாத்த எடுத்துக்கினு வருவா?"

"மொதல்ல போடுறது வேப்பிலக் காப்புதானே. அவ மரத்துல ஒடச்சிக்கினு வரட்டும்."

அம்மாவைவிடப் பெரிய வக்கீல் எங்கள் பக்கத்தில் இருந்ததில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். அன்றைக்கு அத்தை அதை வேறு மாதிரிச் சொன்னார். "என் தம்பி செஞ்ச ஒரே உருப்படியான காரியம் உன்ன கட்டிக்கினு வந்ததுதான்." அதில் பாராட்டு எது, குத்தல் எது என்று அம்மா தேடிக்கொண்டிருக்கும்போதே அத்தை கிளம்பி வீடு வீடாகப் போய்விட்டார்.

ஒரு சிக்கல்தான் வந்தது. ஐந்து வகை சாதம் யார் யார் என்று பேசி முடித்த பிறகு, மீன் குழம்பு இல்லாமல் என்ன விருந்து என்று அத்தை நின்றுகொண்டார். "புளிசாதம், எலுமிச்சசாதம்னு புளிப்பாவே போட்டா வவுத்துப் புள்ள இன்னா நெனைக்கும்?" மீன் குழம்பும் போவது என்று முடிவானது.

லீவுக்கு முந்திய கடைசி வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விடுகிற மணி அடித்ததும் பெண்கள் தூக்குச்சட்டிகளோடு வகுப்புக்குள் வந்தார்கள். பாய் தன் வளையல் பெட்டியைத் தலையிலிருந்து இறக்கினார். சத்தம் கேட்டு ஹெட்மாஸ்டர் வந்தார், கையில் வழக்கம்போல் பிரம்பு.

"என்ன கூட்டம் இங்கே?"

"வளகாப்பு சார். கொஞ்சம் அப்பால போங்க. ஆம்பளைங்களுக்கு அப்புறமா சோறு வரும்" என்றார் அத்தை.

"அவர் மட்டும் இருக்கிறாரே?" என்று பாயைக் காட்டினார்.

"அவரு வளையல்காரரு. ஆம்பள கணக்குல வரமாட்டாரு."

பாய் பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார். ஹெட்மாஸ்டர் பிரம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டு போனார். அவர் எதையாவது மறைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவர் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்து வைத்துக்கொண்டார். "என்னம்மா இது. உங்ககிட்ட நான் சொன்னேனே."

"சொன்னீங்க டீச்சர். நீங்க கை நீட்ட வேணாம். மடியிலயே வச்சிக்கினு இருங்க. நாங்க போட்டுக்குறோம்" என்றாள் அம்மா.

"போட முடியாத வீட்டுப் பிள்ளை..."

அதற்குள் அம்மா, கரி பொறுக்குகிற அம்மாவை முன்னால் நகர்த்திவிட்டாள். அவர் கையைக் கழுவித் தேய்த்து வந்திருந்தார், நகக்கண்ணில் மட்டும் கருப்பு போகவில்லை. அந்தக் கையில் வேப்பங்கொத்தை வளைத்து மஞ்சள் நூல் சுற்றிய காப்பு. "இதான் மொதல்ல போடணுமாம் டீச்சர். நானே முறுக்கினேன்" என்றார்.

டீச்சர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "இதெல்லாம் தாய்வீட்ல செய்றதும்மா" என்று தொடங்கினார்.

"அதான் வந்துகிறோமே" என்றார் அத்தை.

முந்தானை அசையவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், தூக்குச்சட்டிகள் திரும்பிப் போகும், வேப்பிலைக் காப்பு திரும்பிப் போகும், பிஸ்கோத்து டப்பாவைப் போல அதில் மகிழ்ச்சிப்பட ஒன்றும் இல்லை என்று எனக்கே தெரிந்தது. கரி பொறுக்குகிற அம்மா காப்பு இருந்த கையைத் தாழ்த்தினார். காப்பு கீழே விழுந்துவிடுமோ என்று நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த கை எந்தக் கை என்று நான் பார்க்கவில்லை. நேரே டீச்சர் முன்னால் போய் நின்று, எனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் கேட்டேன். "கை நீட்டுங்க டீச்சர்."

"ஐயோ, அந்தக் கையால குடுக்காதடி" என்று அம்மா என் தோளைப் பிடித்து இழுத்தாள். நல்ல காரியத்தில் பீச்சாங்கை நீட்டிய பாவி என்று அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார். பாய்கூடப் பெட்டியை மூடப்போனார்.

அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இந்த வளையல்களைப் போட்டுவிட்டால் டீச்சர் எங்கேயும் போகமாட்டார், ரிப்பன் என் சடையிலேயே இருக்கும். அவருக்கு ஒரு வீடு எங்கோ இருந்தது, அதன் கதவு அவருக்கு மட்டும் சாத்தியிருந்தது, மீன் வாசனையும் கரித்தூளுமாக ஒரு தெரு அன்றைக்கு அந்த வீடாக வந்து நின்றது என்பதெல்லாம் பல வருஷம் கழித்து, என் முறை வந்து, என் அம்மா வீட்டில் வளையலுக்கு நான் உட்கார்ந்த நாளில்தான் தெரிந்தது. அன்றைக்கு அத்தை ஏன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், அம்மா ஏன் மூக்கை உறிஞ்சினாள் என்பதும் அப்போதுதான். டீச்சர் முகம் கோணியதைப் பார்த்து, ஹெட்மாஸ்டர் குரலில் கேட்டுவிட்டோமோ, பயந்துவிட்டாரோ என்றுதான் நான் நினைத்தேன்.

"அவளை விடுங்கம்மா. அந்தக் கையேதான்" என்றார் டீச்சர்.

சொல்லிவிட்டு முந்தானையை விலக்கினார். தேய்ந்த வளையலை ஒதுக்கினார், வாட்சைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு, பிரம்புக்கு முன்னால் நாங்கள் நீட்டுவதுபோல, உள்ளங்கை மேலே தெரிய, இரண்டு கைகளையும் நீட்டினார். இடது கையை முதலில்.