ஆறாம் வகுப்பு அடுப்பு

நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் என் வலது உள்ளங்கையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். கதை கட்டுகிற ஆள் நான் இல்லை, கணக்கு டீச்சர்.

நாரின் என்கிற ஊரின் மலைப்பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்குப் பழைய ஆசிரியர்களின் படங்களைச் சுவரில் மாட்டும் வேலையை என் தலையில் கட்டினார் தலைமை ஆசிரியர் மெலிஸ். வரிசையில் ஒரு ஆணி மட்டும் காலி.

"இங்க யாரு படம்ணே?"

"ஆணி இருந்தா படம் இருக்கணுமா? வேலையப் பாரும்மா."

அன்று மதியமே பனிப்புயல் பிடித்துக்கொண்டது. மேட்டு வீடுகளிலிருந்து வரும் ஐந்து பிள்ளைகள் திரும்பிப் போக வழியில்லை. மெலிஸ் வண்டி கொண்டுவரப் போனார். நான் பிள்ளைகளோடு ஆறாம் வகுப்பில் உட்கார்ந்தேன். அங்கேதான் நிலக்கரி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

இந்த அடுப்புகளின் புகைபோக்கியில் குறுக்கே ஒரு இரும்புத் தகடு இருக்கும். உள்ளே தள்ளினால் சூடு வெளியே போகாது. கரி முழுசாக அணைவதற்குள் தள்ளிவிட்டால், வாசனையே இல்லாத நஞ்சு அறையில் நிறையும். தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார். எங்கள் பக்கம் நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூட இது தெரியும்.

நாலே கால் மணி. லேசாகத் தலை வலித்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

தகடு உள்ளே இருந்தது.

"எவன்டா தள்ளுனது?"

"சத்தியமா நாங்க இல்லக்கா!"

எங்கள் பக்கம் பிள்ளைகள் டீச்சரை அக்கா என்றுதான் கூப்பிடும். தகட்டை இழுத்துவிட்டேன். வாய் வலிக்கத் திட்டினேன். அப்புறம் மனசு கேட்காமல் ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தேன்.

நாலே முக்கால். கிரீச்... இரும்பு செங்கல்லில் உரசும் சத்தம்.

பிள்ளைகள் ஐந்தும் என் முன்னால். அடுப்பருகே யாருமில்லை. தகடு மெல்ல... மெல்ல... தானாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

பாய்ந்து பிடித்து இழுத்தேன். அந்தப் பக்கமிருந்தும் யாரோ பிடித்து இழுத்தார்கள். உள்ளங்கை பொசுங்கியது. எனக்கும் வீம்பு, விடவில்லை.

"அக்கா... ஜிபெக் எந்திரிக்க மாட்டேங்குறா!"

கடைக்குட்டி ஜிபெக். மேசையில் தலை சாய்ந்திருந்தது.

கையை விட்டேன். நாற்காலியைத் தூக்கி ஜன்னலை உடைத்தேன். பனிக்காற்றில் அவளைத் தூக்கிப் பிடித்தேன்.

"மூச்சு விடுடி... என் கண்ணுல்ல..."

இருமினாள். ஓவென்று அழுதேன்.

பின்னால் மறுபடி... கிரீச்.

எல்லோரையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். மெலிஸின் வண்டி வரும்வரை வாசல் தாழ்வாரத்தில் ஒண்டிக் கிடந்தோம்.

மறுநாள் சொன்னதும் மெலிஸ் முகம் வெளுத்துவிட்டது. "எந்தத் தகடு?" என்றார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

புகைபோக்கியில் தகடே இல்லை. அது இருந்த இடத்தில் பழைய செங்கல், அதன் மேல் பல தடவை அடித்த சுண்ணாம்பு.

"அறுபத்தொண்ணுல உல்கான் டீச்சர் இதே மாதிரி புயல்ல, இதே ரூம்ல பிள்ளைங்களோட மாட்டிக்கிட்டாங்க. பிள்ளைங்க குளிருதுன்னு அழுதுச்சுங்க. பாவம், சூடு போயிடக் கூடாதுன்னு சீக்கிரமா மூடிட்டாங்க. காலையில ஒருத்தரும் எந்திரிக்கல. அன்னைக்கே தகட்டப் பிடுங்கி அடைச்சாச்சு. படத்தையும் கழட்டிட்டாங்க."

நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். நேர்கோடாக ஒரு தீக்காயம்.

ஜிபெக் தேறி வந்தபின் ஒருநாள் சொன்னாள். "இன்னொரு அக்கா வந்து குளிருதாம்மான்னு கேட்டாங்க. நான்தான் ஆமான்னேன்."

இப்போதெல்லாம் புதுப் பிள்ளைகளுக்குக் கணக்குக்கு முன்னால் ஒன்று சொல்லிக்கொடுக்கிறேன். ஆறாம் வகுப்பில் தெரியாத அக்கா யாராவது வந்து குளிருதா என்று அன்பாகக் கேட்டால், பல் தந்தியடித்தாலும் சரி, இல்லை என்று சொல்லிவிடுங்கள்.